கடைக் கணினியும் கண்காணிக்கும் கருவிகளும்



நமது கடைகளில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்று கணினி அமர்ந்திருக்கிறது. சரக்கின் பார்கோடைக் காட்டியதும் விலை தெரிகிறது. சிட்டை அச்சாகி வருகிறது. கடை கட்டும் நேரத்தில் இருப்புக் கணக்கும் கிடைக்கிறது. இவ்வேலைகளை நடத்துவது அதனுள் எழுதி வைக்கப்பட்டுள்ள கட்டளைத் தொகுதி. அதற்கு மென்பொருள் என்று பெயர். அதை எழுதுவோருக்கும் பழுது பார்ப்போருக்கும் துணை நிற்கும் தானியங்கிக் கருவிகள் பல உண்டு. அவை யாவை, அவற்றின் பலம் எதுவரை, அவற்றில் வியாபாரியின் கடமை யாது என்னும் மூன்றையும் இப்பாடத்தில் காண்போம்.

அடிக்கடி திருத்துவது ஏன்?

ஒரு முறை ஒழுங்காக எழுதிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். போதாது. சட்டம் மாறுந்தோறும் கணக்கும் மாறவேண்டியிருக்கிறது. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கச் சிட்டையின் மொத்தத்தை ஐந்து காசுக்குச் சரிக்கட்டும் முறை வந்தது. 2015 ஏப்ரல் 1-ல் பொருள் சேவை வரி 6 சதவீதம் வந்தது; 2018 ஜூன் 1-ல் அது பூஜ்யமாயிற்று; அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. 2024 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் முறை பெரிய கம்பெனிகளில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கியது. ஒவ்வொரு தடவையும் கட்டளைகளைத் திறந்து திருத்த நேர்ந்தது.

திருத்துமிடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. ஓரிடத்தைச் சரி செய்யப்போய் வேறோரிடம் கெட்டுவிடும். உதாரணமாக, 2024 மார்ச் 1-ல் சேவை வரி 6-லிருந்து 8 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் உணவும் பானமும் வழங்கும் சேவைக்கு 6 சதவீதமே நீடித்தது. நிரல் எழுதுகிறவர் "சேவை வரி எட்டு" என்று மட்டும் கேள்விப்பட்டு எல்லா இடத்திலும் ஆறை எட்டாக மாற்றிவிட்டால், வரிக்குப் பதிந்த நாசி கண்டார் கடையில் 100 வெள்ளிச் சாப்பாட்டுக்கு 2 வெள்ளி அதிகமாக வாங்கப்படும். அது வாடிக்கையாளருடைய பணம். சிட்டையில் இருப்பதோ கடையின் பெயர்.

நான்கு கருவிகள்

முதலாவது, திருத்தப் பேரேடு. நல்ல கணக்கப்பிள்ளை தவறான வரியைச் சுரண்டி அழிக்கமாட்டார். கோடிட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதித் தேதியும் போடுவார். மென்பொருளுக்கு அவ்வேலையைச் செய்யும் கருவிகளில் இன்று மிகப் பரவியுள்ளது கிட். பின்லாந்து நாட்டவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் ஆக்கியது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது அதில் பதிவாகும். வேண்டியபோது பழைய நிலைக்குத் திரும்பவும் முடியும்.

இரண்டாவது, எழுத்தைச் சோதிக்கும் கருவி. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜான்சன் 1978-ல் இவ்வகைக் கருவி ஒன்றைச் செய்து, அதற்கு 'லின்ட்' என்று பெயரிட்டார். துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துகள் என்பது அச்சொல்லின் பொருள். ஜவுளிக்காரர் துணியை விளக்கில் பிடித்துப் பார்ப்பதுபோல், நிரலை ஓட்டாமலே சந்தேகமான வரிகளை அது சுட்டிக்காட்டும்.

மூன்றாவது, தானியங்கிப் பரீட்சை. நமது பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு நடக்கும். கிராணி பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். யார் வரவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் பிற இடங்களிலும் அத்தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடுகளாகவும் மாறிவிட்டாலும், பெரட்டு என்ற சொல்லை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. மென்பொருளுக்கும் இத்தகைய பெரட்டு உண்டு. "இந்தச் சரக்கு, இந்த விலை; விடை இவ்வளவு வரவேண்டும்" என்று நூற்றுக்கணக்கான கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். ஒரு வரியைத் திருத்தினாலும் இயந்திரம் எல்லாக் கேள்விகளையும் சில நிமிஷங்களில் கேட்டு, தவறிய விடையைக் காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, விநியோகக் கருவி. திருத்திய நிரலை எல்லாக் கணினிகளுக்கும் ஒன்றுபோல் கொண்டுசேர்ப்பது இதன் வேலை. இதன் அருமையை ஒரு நஷ்டத்தால் உணரலாம். நைட் கேப்பிட்டல் என்னும் அமெரிக்கப் பங்கு வியாபாரக் கம்பெனி 2012-ல் எட்டுக் கணினிகளில் புது நிரலை ஏற்றியது. ஆள் கையால் செய்த வேலை. ஒரு கணினி விடுபட்டுப்போயிற்று. ஆகஸ்ட் 1 அன்று அந்த ஒன்றில் பழைய கட்டளை விழித்துக்கொண்டு, தாறுமாறாகப் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. 45 நிமிஷங்களில் நஷ்டம் 44 கோடி டாலர். மறு ஆண்டில் அக்கம்பெனி வேறொன்றுடன் இணைந்து போயிற்று.

கருவியை மட்டும் நம்பினால்?

மேலே கண்டது கருவி இல்லாததால் நேர்ந்த கேடு. கருவி இருந்தும் நேர்ந்த கேடு ஒன்றுண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நாட்டு நேரப்படி பகல் 12 மணி 9 நிமிஷம். ஜும்ஆவுக்குக் கடையடைக்க ஆயத்தமாகும் வேளை. கணினிகளுக்குக் காவல் செய்யும் கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கக் கம்பெனி ஒரு சிறு திருத்தத்தை உலகெங்கும் ஒரே சமயத்தில் அனுப்பிற்று. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. கோலாலம்பூர் விமான நிலையத்திலும் பயணிகள் நீண்ட வரிசையில் நின்றனர்.

அத்திருத்தத்தையும் பரிசோதிக்கும் கருவி ஒன்று பார்த்து, "சரி" என்றுதான் அனுப்பியிருந்தது. திருத்தத்துக்கு 21 விவரங்கள் வேண்டும். கணினியில் ஓடிய நிரலோ 20 மட்டுமே கொடுத்தது. பரிசோதிக்கும் கருவியோ 21-ம் வரும் என்றே எண்ணிக்கொண்டிருந்தது. இந்தப் பேதத்தைப் பிடிக்கும் கேள்வி அதனிடம் இல்லை. இதன் பிறகு அக்கம்பெனி முதலில் சிலருக்கு அனுப்பிப் பார்த்து, பின்னரே மற்றவர்களுக்கு அனுப்பும் முறையைக் கைக்கொண்டது.

இதில் நாம் கற்கும் பாடம் யாதெனில், கிராணி பட்டியலிலுள்ள பெயரைத்தான் கூப்பிட முடியும். பட்டியலில் ஏறாதவன் வராவிட்டால் பெரட்டில் தெரியாது. கருவிக்குச் சலிப்பில்லை, தூக்கமில்லை. ஆனால் எது நியாயமான கணக்கு என்ற அறிவும் அதற்கில்லை. 2021-க்குப் பின் செயற்கை அறிவைக் கொண்டு நிரலையே எழுதித்தரும் கருவிகளும் பரவிவிட்டன. அவை எழுதுவதும் அதே பரீட்சைக்கு உட்படவேண்டியதே.

வியாபாரியின் கடமை

ஆகவே, பட்டியலை நிரப்பவேண்டியவர்கள் நாம். நிரல் எழுதும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தாம். எனினும் அவர்கள் நம் கல்லாவில் உட்கார்ந்தவர்களல்லர். கடன் வாடிக்கையாளர் 555 புத்தகத்தில் பாதி கட்டி மீதியை நிறுத்துவதும், ஒரே சிட்டையில் ஒரு சாமான் மட்டும் திரும்பி வருவதும் நமக்குத்தான் தெரியும். நம் கடையில் நடக்கும் பத்து விதமான சிட்டைகளைச் சரியான விடையோடு ஒரு தாளில் எழுதி, மென்பொருள்காரரிடம் கொடுப்போம். "ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இந்தப் பத்தையும் உங்கள் கருவியில் ஓட்டி, விடையைக் காட்டுங்கள்" என்று ஒப்பந்தத்திலேயே கேட்போம். புது நிரலை முதலில் ஒரு கல்லாவில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, பின்பே மற்றக் கல்லாக்களில் ஏற்றுவோம்.

பயிற்சிக் கணக்கு

1. சாமான் மூன்று, ஒவ்வொன்றும் 1 வெள்ளி 3 காசு, ரொக்கம். மொத்தம் 3.09, சரிக்கட்டினால் 3.10. கணினி ஒவ்வொரு சாமானையும் தனித்தனியே 1.05 ஆக்கிக் கூட்டினால் 3.15 காட்டும். அது தவறு. சிட்டைக்கு 5 காசு; 200 சிட்டைக்கு 10 வெள்ளி.

2. மொத்தம் 7.73. ரொக்கமானால் 7.75, வங்கி அட்டையானால் 7.73 தான். உங்கள் கல்லா இரண்டையும் பிரித்தறிகிறதா?

3. முதல் கணக்கிலுள்ள சாமானில் ஒன்று மறுநாள் திரும்பி வருகிறது. இருப்பில் ஒன்று கூடவேண்டும். முந்தின நாள் சிட்டை அழியாமலும் இருக்கவேண்டும். ஓட்டிப் பாருங்கள்.

மீதி ஏழு சிட்டைகளை அவரவர் கடையிலிருந்தே எடுத்து எழுதிக்கொள்க. சங்கத்துச் சகோதரர்கள் தத்தம் தாள்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டால், ஒருவர் மறந்த கேள்வி இன்னொருவர் தாளில் இருக்கும்.