ஐந்து நிமிஷம்

வேதபாடம். வாசிக்கவேண்டிய பகுதி: லூக்கா 2:41-50



பஸ்கா பண்டிகை முடிந்து யோசேப்பும் மரியாளும் ஊருக்குத் திரும்புகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூட வரவில்லை. அது அவர்களுக்குத் தெரியாது. கூட்டத்தில் எங்கேயாவது சொந்தக்காரரோடு வந்துகொண்டிருப்பார் என்று நினைத்து ஒரு நாள் பிரயாணம் போய்விட்டார்கள். இவர்கள் அசட்டையான பெற்றோரா? இல்லவே இல்லை. ஊரே சேர்ந்து போகிறது, எல்லாரும் தெரிந்தவர்கள், பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது என்கிற எண்ணம்தான். நம்முடைய கன்வென்ஷன் பந்தலிலே நாமும் அப்படித்தானே இருக்கிறோம்? "அவன் சித்தியோட இருப்பான்" என்று அம்மா நினைப்பாள். சித்தி, "அவன் அம்மாவோட இருப்பான்" என்று நினைப்பாள்.

அவர்கள் மூன்று நாளைக்குப் பின் பிள்ளையைக் கண்டார்கள். ஆனால் இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப்போவது ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் கண்டுபிடிக்கப்படாத ஒரு பிள்ளையைப்பற்றி. கூட்டத்தில் அல்ல, மலையிலே.

அமெரிக்காவில் டென்னசி, வட கரோலினா என்கிற இரண்டு மாநிலங்களுக்கு நடுவே கிரேட் ஸ்மோக்கி மலைகள் இருக்கின்றன. காட்டின்மேல் எப்போதும் புகைபோல மூடுபனி நிற்கிறதால் அந்தப் பேர் வந்தது. 1934-ல் அதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். பூங்கா என்றதும் நம்ம ஊர்ப் பூங்காவை நினைத்துவிடாதிருங்கள். 5 லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்த அடர்ந்த காடு. கரடி உண்டு, காட்டுப்பன்றி உண்டு, விஷப்பாம்பு உண்டு. மலைச்சரிவுகளில் ஆள் நுழைய முடியாதபடி கிளைகள் பின்னிக்கிடக்கும் புதர்க்காடுகள் இருக்கின்றன. அந்தப் பகுதி ஜனங்கள் அவைகளுக்கு வைத்த பேர் என்ன தெரியுமா? "நரகம்"! உள்ளே போனவன் வழி தெரியாமல் தவிப்பான் என்றுதான் அப்படிச் சொன்னார்கள்.

1969 ஜூன் மாதம், தகப்பனார் தினத்தையொட்டி, நாக்ஸ்வில் பட்டணத்து மார்ட்டின் குடும்பத்தார் அந்த மலைக்குப் போனார்கள். தாத்தா, அப்பா, இரண்டு பையன்கள். இது அவர்கள் குடும்பத்தில் வழக்கமான பிரயாணம். இளையவன் டென்னிஸ். அந்த ஜூன் 20-ஆம் தேதி வந்தால் அவனுக்கு ஏழு வயது முடியும். முதல் நாள் ராத்திரி மலையில் தங்கி, மறுநாள் 14-ஆம் தேதி சனிக்கிழமை ஸ்பென்ஸ் பீல்டு என்கிற இடத்துக்கு வந்தார்கள். சுமார் 4,900 அடி உயரத்தில், மலை முகட்டின்மேல் பரந்த புல்வெளி அது. நல்ல வெளிச்சம். கண்ணுக்கு எட்டின மட்டும் தெரியும். பயப்பட ஒன்றுமேயில்லாத இடம்.

சாயங்காலம் சுமார் நாலரை மணி. அங்கே சந்தித்த வேறொரு குடும்பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து பையன்கள் ஒரு விளையாட்டுத் திட்டம் போட்டார்கள். புல்வெளியைச் சுற்றி மறைந்துபோய், பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பின்னாலிருந்து குதித்துப் பயங்காட்டவேண்டும். டென்னிஸ் சிவப்புச் சட்டை போட்டிருந்தான். அது தூரத்திலேயே தெரிந்துவிடும் என்று அவனை மட்டும் தனியாக வேறு பக்கமாய் வரச்சொன்னார்கள். பிள்ளைகள் கிசுகிசுக்கிறதை பெரியவர்கள் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். எந்த அப்பாதான் சிரிக்கமாட்டார்!

மற்ற பையன்கள் குதித்து வந்தார்கள். டென்னிஸ் வரவில்லை. மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம் ஆயிற்று. தகப்பன் எழுந்து கூப்பிட்டார். பதில் இல்லை. அவ்வளவுதான் பிரியமானவர்களே. அந்தப் பிள்ளையை அதற்குப்பின் குடும்பத்தார் பார்க்கவேயில்லை.

தகப்பன் பாதையில் மைல் கணக்காய் ஓடினார், கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். தாத்தா உதவி கேட்க மலையிலிருந்து இறங்கி நடந்தார். வனக்காவலர்களிடம் அவர் போய்ச் சேர ராத்திரி எட்டரை மணி ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் கைபேசி ஏது? அதற்குள் மலையில் இடியும் மழையுமாய்ப் பிடித்துக்கொண்டது. சில மணி நேரத்தில் சுமார் 3 அங்குல மழை. ஓடைகள் பெருகின, பாதைகள் அறுத்துப்போயின. ஒரு சின்னப் பிள்ளையின் காலடி மண்ணில் எங்கே பதிந்திருந்தாலும் அந்த ஒரே ராத்திரியில் கழுவிப்போயிருக்கும். அரைக்கால் சட்டையும் பனியனும் போட்ட ஆறு வயதுப் பிள்ளை அந்தக் குளிரில் எங்கே ஒதுங்கியிருப்பான்! இதை எழுதும்போதே கை நிற்கிறது.

மறுநாள் காலை சிலபேரோடு தேடுதல் தொடங்கினது. செய்தி பரவப் பரவ ஜனங்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். வனக்காவலர், போலீஸ், கல்லூரி மாணவர், சாரணர், தேசியக் காவற்படை, 'கிரீன் பெரே' என்கிற விசேஷ ராணுவப் படையினர், ஹெலிகாப்டர்கள். ஒரு வாரத்துக்குள் சுமார் 1,400 பேர்! தேடின இடம் 56 சதுர மைல். தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப்பற்றி நாம் பிரசங்கம் கேட்கிறோம். இங்கே ஒரு பிள்ளைக்காக ஆயிரத்து நானூறு பேர் வேலையை விட்டு மலை ஏறினார்கள். எவ்வளவு நல்ல ஜனங்கள்!

ஆனால் இந்த இடத்தில்தான் நாம் நிதானமாய்ப் படிக்கவேண்டியது இருக்கிறது. அந்தக் கூட்டமே தேடுதலுக்கு இடைஞ்சலாயிற்று. காட்டிலே ஆள் தேடுகிறது ஒரு தனி வித்தை. தடம் அறிகிறவன் மிதிபட்ட புல்லையும், ஒடிந்த சுள்ளியையும், சேற்றிலே பாதி பதிந்த குதிகாலையும் பார்த்துப் போகவேண்டும். மழை மிச்சம் வைத்ததையும் ஆயிரம் ஜோடிக் கால்கள் மிதித்துப்போட்டால் அவன் எதைப் பார்ப்பான்? மோப்ப நாய்தான் யாருடைய வாசனையைப் பிடிக்கும்? தேடினவர்கள் ஒரு இடத்தில் ஓடைப்பக்கமாய்ப் போகிற ஒரு பிள்ளையின் காலடிகளைக் கண்டார்கள். ஒரு காலில் செருப்பு இருந்ததாகவும் மற்றது வெறுங்காலாக இருந்ததாகவும் பின்னாளில் ஒரு வனக்காவலர் எழுதியிருக்கிறார். ஆனால் அப்போது, "தேட வந்த சாரணப் பையன்களில் ஒருவனுடையதாய் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அந்தக் காலடி டென்னிஸுடையதுதானா என்று இனி ஒருவரும் நிச்சயிக்க முடியாது. தேட வந்த கூட்டத்தில் பிள்ளைகளே இல்லாதிருந்தால், அந்தச் சந்தேகத்துக்கே இடம் இருந்திராதே!

வைராக்கியம் இருந்தது, அதற்கேற்ற அறிவும் ஒழுங்கும் இல்லாமற்போயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. அமெரிக்கப் பூங்கா இலாகா இதிலிருந்து கற்றுக்கொண்டது. பயிற்சியில்லாத கூட்டத்தை உடனே காட்டுக்குள் அனுப்பாமல், முதலில் தடம் அறிகிறவர்களையும் நாய்களையும் அனுப்பவேண்டும், பாதைகளின் வாய்களில் ஆள் நிறுத்தவேண்டும் என்கிற முறை பிற்பாடு வலுப்பட்டது. நம்மில் யாருக்காவது இப்படி ஒரு அவசரம் நேரிட்டால் இது ஞாபகம் இருக்கட்டும்: கடைசியாகப் பிள்ளையைப் பார்த்த இடத்தை ஒருவரும் மிதிக்க விடாதிருங்கள். பிள்ளையின் தலையணை உறையை, அழுக்குத் துணியைத் துவைத்துப்போடாமல், பலபேர் கையில் படாமல் எடுத்து வையுங்கள். மோப்ப நாய்க்கு அதுதான் வேண்டும்.

ஜூன் கடைசியில் பெரிய தேடுதலை நிறுத்தினார்கள். சிறு குழு ஒன்று செப்டம்பர் வரைக்கும் தேடிற்று. தகப்பன் 5,000 டாலர் வெகுமதி அறிவித்தார். ஒரு துணித்துண்டுகூடக் கிடைக்கவில்லை.

என்னதான் நடந்திருக்கும்? வழிதப்பிச் சரிவில் இறங்கி, குளிரிலும் மழையிலும் மரித்திருக்கலாம் என்பது ஒன்று. மிருகம் தாக்கியிருக்கலாம் என்பது ஒன்று. யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கலாம் என்பது மூன்றாவது. அதே நாள் சாயங்காலம் சில மைல் தள்ளி ஒரு சுற்றுலாப் பயணி அலறல் ஒன்றைக் கேட்டார், அலங்கோலமான ஒரு மனுஷன் காட்டில் மறைகிறதையும் பார்த்தார். அந்த நேரத்துக்குள் அவ்வளவு தூரம் ஒரு பிள்ளையோடு வந்திருக்க முடியாது என்று அதிகாரிகள் அதைத் தள்ளிவிட்டார்கள். இன்றுவரை மூன்றில் எதற்கும் அத்தாட்சி இல்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்த மழையையும் சரிவையும் புதரையும் பார்க்கும்போது முதலாவதே அதிகம் பொருந்துகிறது. ஆனால் அபிப்பிராயம் வேறு, அத்தாட்சி வேறு.

இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறேன்? அந்த நாட்களில் குறி சொல்லுகிறவர்கள் பலர், "பிள்ளை இன்ன இடத்தில் இருக்கிறான், எனக்குத் தெரிகிறது" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. அவர்கள் குறிக்காரர்கள், நமக்கென்ன என்று தள்ளிவிடாதிருங்கள். நம்முடைய கூட்டங்களிலும் பிள்ளையைத் தொலைத்த தாயிடம் போய், "தரிசனத்தில் பார்த்தேன், மேற்கே இருக்கிறான், மூன்று நாளில் வருவான்" என்று அவசரப்பட்டுச் சொல்லுகிறவர்கள் உண்டா இல்லையா? மூன்று நாள் கழிந்து நாலாம் நாள் விடியும்போது அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்லுவது? சொன்னவர் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். அவளோ தொலைத்த பிள்ளையோடு விசுவாசத்தையும் தொலைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, கூட உட்கார்ந்து ஜெபிக்கிறதற்கும் அபிஷேகம் வேண்டும்.

இன்னொரு காரியமும் உண்டு. 1985-ல் ஒரு மனுஷன் வந்து வாய் திறந்தான். ஜின்செங் என்கிற மருந்து வேர் அந்தக் காடுகளில் விளைகிறது, நல்ல விலை போகும். பூங்காவுக்குள் அதைத் தோண்டுகிறது சட்டப்படி குற்றம். டென்னிஸ் காணாமற்போய்ச் சில வருஷங்களுக்குப் பின் திருட்டுத்தனமாய் வேர் தோண்டப்போனபோது, ஸ்பென்ஸ் பீல்டுக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பிள்ளையின் எலும்புக்கூட்டைப் பார்த்ததாக அவன் சொன்னான். "வெளியே சொன்னால் நீ அங்கே என்ன செய்தாய் என்று கேட்பார்களே, மாட்டிக்கொள்வேனே" என்கிற பயத்தில் அத்தனை வருஷம் மூடிவைத்திருந்தான். சுமார் 30 பேர் போய்த் தேடினார்கள். ஒன்றும் இல்லை. அவன் சொன்னது மெய்யோ, அதுவும் தெரியாது. மெய்யானால் யோசித்துப் பாருங்கள்: ஒரு வேர்த்திருட்டை மறைக்க, ஒரு தகப்பனுக்குத் தன் பிள்ளையை அடக்கம்பண்ணுகிற பாக்கியமும் இல்லாமற்போயிற்று. தாங்கள் பார்த்ததை, கேட்டதை, "நமக்கேன் வம்பு" என்று அடக்கிவைத்திருக்கிறவர்கள் சபைக்குள்ளும் இருக்கலாம்.

இப்போது நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கப்போகிறோம்? 1981-ல் கலிபோர்னியாவில் பலோமார் மலையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வழிதப்பி, நாலு நாள் கழித்து மரித்தவனாய்க் கண்டெடுக்கப்பட்டான். அவனைத் தேடப்போன தடம் அறிகிறவர்கள் மனம் உடைந்து, பிள்ளைகளுக்கென்றே ஒரு பாடத்தை உண்டாக்கினார்கள். "மரத்தைக் கட்டிக்கொள்" என்று அதற்குப் பேர். வழி தெரியவில்லை என்று தெரிந்தவுடனே நடக்காதே, ஓடாதே. ஒரு மரத்தண்டை போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இரு. அதனோடு பேசினாலும் பரவாயில்லை! நடக்கிற பிள்ளை தேடி முடித்த இடத்துக்குள்ளும் திரும்ப நுழைந்துவிடும், தப்பிப்போகும். நிற்கிற பிள்ளை கிடைத்துவிடும். கையில் ஒரு விசில் இருந்தால் மூன்று மூன்று தடவை ஊதவேண்டும். தொண்டை கட்டிப்போகும், விசில் கட்டிப்போகாது. பெரிய பிளாஸ்டிக் பையில் முகத்துக்கு ஒரு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டால் மழையும் குளிரும் தாக்காது. முகத்துக்கு ஓட்டை போடாமல் மாட்டக்கூடாது என்பதைப் பெரியவர்கள் கூட இருந்து காட்டிக்கொடுங்கள்.

மிக முக்கியமானது ஒன்று. 2005-ல் யூட்டா மாநிலத்து மலையில் பதினோரு வயதுப் பையன் ஒருவன் நாலு நாள் காணாமற்போய் உயிரோடு கிடைத்தான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனால் நடந்ததைக் கேளுங்கள். தேடுகிறவர்கள் பக்கத்தில் வந்தபோதெல்லாம் அவன் மறைந்துகொண்டான். ஏன்? "தெரியாத ஆளிடம் பேசாதே, பிடித்துக்கொண்டு போய்விடுவான்" என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். நல்ல பாடம்தான், பாதிப் பாடம்! மீதிப் பாதியையும் இன்று ராத்திரி சாப்பாட்டு வேளையிலே சொல்லிக்கொடுங்கள்: "நீ தொலைந்துபோனால் தெரியாத மாமாக்கள் பலபேர் உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பயப்படாதே, சத்தம் கொடு. நாங்கள்தான் அவர்களை அனுப்பினோம். உன்மேல் யாருக்கும் கோபம் இல்லை." அடி விழும் என்று பயந்து ஒளிந்துகொள்ளுகிற பிள்ளைகளும் உண்டு. ஆகவே அந்தக் கடைசி வார்த்தையை விட்டுவிடாதிருங்கள்.

வெளியூர்ப் பிரயாணம், முகாம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். ஒரு துண்டை மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் அலுமினியத் தாளை விரித்து, பிள்ளை போட்டுக்கொண்டு போகிற செருப்போடேயே அதை மிதிக்கச் சொல்லுங்கள். அடித்தடம் அப்படியே பதியும். பேரை எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தேடுகிறவர்கள் வந்து, "பையன் தடம் எப்படி இருக்கும்?" என்று கேட்டால் உங்கள் கையில் இருக்கும். ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் விடுமுறை வேதாகமப் பள்ளி பிரயாணத்துக்கு முந்தின வாரத்தில் இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்து முடிக்கவும். தாளையும் துண்டையும் வீட்டிலிருந்து கொடுத்தனுப்புங்கள். செருப்பு புதிதாய் மாற்றினால் தடமும் புதிதாய் எடுக்கவேண்டும்.