ஹெந்தளையிலிருந்து எந்தப் பாடசாலைக்கு?

மொண்டிசோரியில் கடைசித் தவணை நெருங்கும்போது வத்தளை, ஹெந்தளை, எலக்கந்தைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: பிள்ளையை எங்கே சேர்ப்பது? கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் இடம் போதாமல் களனி ஆற்றைத் தாண்டி வந்து வீடு கட்டிய குடும்பங்கள் இங்கே நிறைய. வீடு ஆற்றுக்கு வடக்கே வந்துவிட்டது. பெயர்பெற்ற தமிழ்ப் பாடசாலைகளோ ஆற்றுக்குத் தெற்கேயே நிற்கின்றன. அந்த இடைவெளியில்தான் சர்வதேச பாடசாலைகள் வேர்விட்டன. லைசியத்தின் வத்தளைக் கிளையின் சீருடையையோ ஓ.கே.ஐ.யின் சீருடையையோ காணாமல் காலையில் ஹெந்தளைச் சந்தியைக் கடக்க முடியாது.

பெரும்பாலான பெற்றோர் கட்டடத்தையும் கட்டணத்தையும் பார்த்துவிட்டு, "இங்கிலிஷ் நல்லா வருமா?" என்ற ஒரே கேள்வியோடு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. பதினெட்டு வயதில் பிள்ளை எந்தப் பரீட்சை எழுதப் போகிறது? பத்து வயதில் எந்த மொழியில் தானாக ஒரு புத்தகத்தை எடுத்து வாசிக்கப் போகிறது? இவை இரண்டுக்கும் விடை கிடைத்தால் பாடசாலைப் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

முதலில், சர்வதேச பாடசாலை என்பது சட்டப்படி என்ன என்று பார்த்துவிடுவோம். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. சில கல்லூரிகள் மட்டும் தனியாக நிற்பதென்று முடிவெடுத்தன. கொட்டாஞ்சேனை புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியும் மருதானை புனித சூசையப்பர் கல்லூரியும் பம்பலப்பிட்டி புனித பேதுரு கல்லூரியும் அந்த வரிசையில் வருபவை. அதன்பிறகு புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது வந்த சர்வதேச பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்டன. அதனால் அரச பாடசாலையின் மீது கல்வி அமைச்சுக்கு இருக்கும் பிடி இவற்றின் மீது இல்லை. ஆசிரியருக்கு என்ன தகுதி, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், அடுத்த வருடம் கட்டணம் எவ்வளவு ஏறும் என்பதையெல்லாம் விசாரிக்கும் வேலை பெற்றோரின் தலையில்தான் விழுகிறது. நல்ல சர்வதேச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றை நாமேதான் தேடிப் பிரித்தறிய வேண்டும்.

இனிப் பரீட்சை. அரச பல்கலைக்கழகத்துக்கு வழி உள்ளூர் உயர்தரப் பரீட்சையும் இஸட் புள்ளியும்தான். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மிச்சம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. சர்வதேச பாடசாலையில் கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்ஸெல் உயர்தரம் எடுத்த பிள்ளைக்கு இந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டதுதான். அந்தப் பிள்ளைக்கு எஞ்சியிருப்பவை வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும், கொழும்பில் இயங்கும் கட்டணம் வாங்கும் பட்டப்படிப்பு நிறுவனங்களும்தான். இது மோசமான வழி என்று நான் சொல்லமாட்டேன். கணக்கியல், கணினி, வணிகம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு நல்ல வழியாகவும் அமையலாம். ஆனால் "டொக்டர் ஆக்கணும்" என்ற கனவோடு இந்த லண்டன் பாடத்திட்டங்களில் சேர்க்கும் பெற்றோர் ஒன்றை மனதில் வைத்திருக்க வேண்டும். மருத்துவம் படிக்க நாட்டுக்கு வெளியே செலவழிக்க வேண்டிவரும். பட்டத்தோடு திரும்பினாலும் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைந்த பிறகுதான் இங்கே தொழில் செய்யலாம்.

சர்வதேச பாடசாலையில் சாதாரண தரம் வரை படிக்கவைத்து உயர்தரத்துக்கு உள்ளூர்ப் பாடத்திட்டத்துக்கு மாற்றிவிடலாம் என்று பலர் சொல்வதைக் கேட்கிறேன். காகிதத்தில் இது முடியும். நடைமுறையில், பதினாறு வயதில் புதிய பாடத்திட்டம், புதிய வினாப்பத்திர முறை, டியூஷன் வகுப்பில் ஏற்கெனவே பாதித் தூரம் ஓடிவிட்ட சக மாணவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அந்தப் பிள்ளை சமாளிக்க வேண்டியிருக்கும். மாற்றுவதானால் தரம் 6க்கு முன்னால் மாற்றுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு விடயம் மட்டும். தவணைக் கட்டணத்தையும் நுழைவுக் கட்டணத்தையும் எல்லோரும் கேட்பார்கள். பரீட்சைக் கட்டணத்தைக் கேட்பவர்கள் குறைவு. கேம்பிரிட்ஜ், எடெக்ஸெல் கட்டணங்கள் ஸ்ரேலிங் பவுணோடு கட்டுண்டவை. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலருக்கு இருநூறு ரூபா அளவில் இருந்த ரூபாவின் பெறுமதி இரண்டு மாதமளவில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. பவுணுக்கு எதிராகவும் ரூபா விழுந்தது. அந்த வருடம் எட்டுப் பாடங்களுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்த வீடுகளில் நகை அடகுக்குப் போனது. வருமானம் ரூபாவிலும் செலவின் ஒரு பகுதி பவுணிலும் இருப்பது பதின்மூன்று வருடங்களுக்குத் தாங்குமா என்பதைச் சேர்க்கும் நாளிலேயே கணக்குப் பார்க்க வேண்டும்.

மொழிக்கு வருகிறேன். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1970களின் இறுதியிலேயே ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். புதிய மொழியில் சரளமாகப் பேசப் பிள்ளைக்கு ஓரிரண்டு வருடங்கள் போதும். அந்த மொழியில் பாடத்தை விளங்கி, வாதம் செய்து, கட்டுரை எழுத ஐந்து முதல் ஏழு வருடங்கள் வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை "மம்மி, கேன் ஐ கோ அவுட்சைட்?" என்று கேட்டதும் மகிழ்ந்துபோகும் பெற்றோர் முதல் வகையைத்தான் பார்க்கிறார்கள். இரண்டாவது வகை வளர்வதற்குள் வீட்டு மொழியில் உள்ள வாசிப்பும் நின்றுபோனால், பிள்ளை இரண்டு மொழியிலும் பேசும். ஒன்றிலும் ஆழமாக எழுதாது.

ஹெந்தளையில் இந்த ஆபத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வீட்டில் தமிழ், வீதியிலும் கடையிலும் சிங்களம், பாடசாலையில் ஆங்கிலம். சர்வதேச பாடசாலைகள் தங்களை மும்மொழிப் பாடசாலை என்று சொல்லிக்கொள்வது வழக்கம். ஆனால் பல இடங்களில் சிங்களமும் தமிழும் ஒரே பாடவேளையில் வைக்கப்படுகின்றன. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். தமிழ் ஆசிரியர் விலகிப்போனால், "இந்தத் தவணைக்குச் சிங்களத்தில் இருக்கட்டும்" என்று அதிபர் சொல்வார். அந்தத் தவணை மூன்று வருடங்களாகிவிடும். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையோரத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் கிராமங்கள் இரண்டு மூன்று தலைமுறைக்குள் சிங்களத்துக்கு மாறியதில் பாடசாலையின் மொழிமூலத்துக்குப் பெரிய பங்கிருந்தது. யாரும் தமிழை விட்டுவிடுவோம் என்று கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த பாடசாலை சிங்கள மூலமாக இருந்தது, பிள்ளைகள் போனார்கள், அவ்வளவுதான்.

ஆகவே பாடசாலையைப் பார்க்கப் போகும்போது விளம்பரப் புத்தகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தரம் 4 பிள்ளை ஒருவரின் தமிழ்க் கொப்பியைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதிய பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, பிள்ளை தானாக எழுதிய பந்தியைத் தேடுங்கள். "எனது பாடசாலை", "மழை நாள்" என்று ஏதாவது இருக்கும். ஐந்து வசனங்களாவது இருக்கிறதா? றகரமும் ரகரமும் இடம் மாறியிருந்தால் பரவாயில்லை, அது திருத்தக்கூடியது. தவறுகள் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருக்கின்றனவா, அடுத்த பக்கத்தில் பிள்ளை திருத்தி எழுதியிருக்கிறதா? வருடத்தின் நடுப்பகுதியிலும் கொப்பி பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தால், அங்கே தமிழ் கால அட்டவணையில் மட்டும்தான் இருக்கிறது. கொப்பியைக் காட்டத் தயங்கும் பாடசாலையும் விடை சொல்லிவிட்டது. அதோடு, கேம்பிரிட்ஜ் சாதாரண தரத்தில் தமிழைப் பாடமாக எடுக்கக் கடைசியாக எந்த வருடம் பிள்ளைகளைப் பதிவு செய்தார்கள் என்றும் கேளுங்கள். "வசதி உண்டு" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

தொடக்கத்தில் சொன்ன பரீட்சை, மொழி என்ற இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு ஏனைய வழிகளைப் பார்த்தால், இலங்கையிலேயே வாழப்போகும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இருமொழிப் பிரிவு உள்ள உள்ளூர்ப் பாடசாலையைத்தான். 2000களின் தொடக்கத்தில் வந்த இந்த ஏற்பாட்டில், தரம் 6 முதல் கணிதம், விஞ்ஞானம் போன்ற பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கலாம். தாய்மொழி, சமயம், வரலாறு ஆகியவை தாய்மொழியிலேயே இருக்கும். தரம் 5 வரை தமிழில் வாசிக்கவும் எழுதவும் உறுதியாகப் பழகிய பிள்ளை அதன் மீது ஆங்கிலத்தைக் கட்டிக்கொள்கிறது. எழுதப்போவது உள்ளூர்ப் பரீட்சை என்பதால் அரச பல்கலைக்கழகக் கதவும் திறந்தே இருக்கும். கொட்டாஞ்சேனையில் ஆசீர்வாதப்பர் கல்லூரியும், குட் ஷெப்பர்ட் கொன்வென்ட் என்று எல்லோரும் சொல்லும் நல்லாயன் கன்னியர் மடமும் ஹெந்தளைப் பெற்றோர் முதலில் விசாரிப்பவை. இவற்றில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. பங்குத் தந்தையின் கடிதத்துக்கு நிறை உண்டு. இந்துக் குடும்பத்துக்கு இடம் கிடைப்பது கடினம் என்பதை மறைத்துப் பயனில்லை. எந்தப் பாடசாலையிலும் தமிழ் மூல வகுப்பும் இருமொழிப் பிரிவும் தம் பிள்ளை சேரும் வருடத்தில் நடக்கின்றனவா என்று நேரில் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். ஆசிரியர் இல்லாமல் இருமொழிப் பிரிவு பெயரளவில் மட்டும் நடக்கும் பாடசாலைகளும் உண்டு.

அரச தமிழ்ப் பாடசாலைகளில் கொட்டாஞ்சேனை விவேகானந்தா கல்லூரி கிட்ட இருக்கிறது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியும் நகரத்தின் மறுகோடியில். அங்கே பாடநூல் இலவசம், மாதக் கட்டணம் இல்லை, உயர்தரப் பெறுபேறுகளும் பெயர் சொல்லும். தரம் 1 அனுமதியில் 50 வீதமான இடங்கள் அருகில் வசிப்பவர்களுக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே படிப்பவர்களின் சகோதரர்களுக்கு. வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலைகள் இருந்தால் புள்ளி குறையும். ஆகவே ஹெந்தளை முகவரியோடு பம்பலப்பிட்டிப் பாடசாலைக்கு அருகில் வசிப்போர் பிரிவில் விண்ணப்பிப்பது வீண் முயற்சி. அம்மாவோ அப்பாவோ அங்கே படித்திருந்தால் நிலைமை வேறு. இந்த வழியில் சேர்ப்பவர்கள் ஆங்கிலத்தை வீட்டிலேயே கட்ட வேண்டும். வாரத்துக்கு இரண்டு டியூஷன் வகுப்புகளைவிட ஒவ்வொரு இரவும் இருபது நிமிடம் ஆங்கிலக் கதைப்புத்தகம் சத்தமாக வாசிப்பது அதிகம் கொடுக்கும்.

ஸ்கூல் வேன் தனிக் கணக்கு. பேலியகொடையைத் தாண்டிக் காலை நேரத்தில் பம்பலப்பிட்டி போய்ச் சேர, வேன் விடியுமுன்னரே ஹெந்தளையில் ஹோன் அடிக்கும். முன்னிருக்கையில் தூங்கிக்கொண்டு போகும் தரம் 1 பிள்ளை, பிற்பகல் மூன்று மணிக்கு வந்து மீண்டும் தூங்கும். எழும்பும்போது ஹோம்வேர்க்குக்கு எரிச்சல்தான் மிஞ்சும். பத்து வயதுக்குக் கீழே ஒரு வழிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பயணம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிட்ட உள்ள சுமாரான பாடசாலையும், பின்னேரம் விளையாட நேரமும் கிடைத்தால் அதையே எடுங்கள். தரம் 6க்குப் புலமைப்பரிசில் பெறுபேற்றோடு தூரத்துக்கு மாறலாம்.

அப்பா டோஹாவிலோ டுபாயிலோ இருக்கும் வீடுகளுக்கும், கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ கோப்புப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வீடுகளுக்கும் கணக்கு மாறும். பொதுவாக, "எப்படியும் வெளியே போகப் போகிறோம், அதனால் சர்வதேச பாடசாலை" என்பார்கள். பிள்ளையின் வயதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விடை இது. எட்டு ஒன்பது வயதுக்குள் போகும் பிள்ளை அங்குள்ள பாடசாலையிலேயே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே கிடைக்காதது தமிழ் எழுத்து. ஆகவே போகும் வரையான நாலைந்து வருடங்களைத் தமிழ் வாசிப்புக்குக் கொடுப்பதுதான் லாபம். பதின்மூன்று முதல் பதினாறு வயதில் போகப்போகும் பிள்ளைக்குத்தான் கேம்பிரிட்ஜ், எடெக்ஸெல் பாடத்திட்டத்தின் தொடர்ச்சி உண்மையாகவே உதவும். வளைகுடாவுக்குக் குடும்பத்தோடு போவதானால் டோஹாவில் ஸ்டாஃபோர்ட் ஸ்ரீ லங்கன் பாடசாலையும் மஸ்கட்டில் இலங்கைப் பாடசாலையும் இருக்கின்றன. அங்கும் தமிழ் வகுப்பைப் பற்றி அதே கொப்பிக் கேள்வியைக் கேட்கலாம். பத்தரமுல்லையில் உள்ள ஓவர்சீஸ் ஸ்கூல் ஒஃப் கொலம்போ நடத்தும் ஐ.பி. டிப்ளோமாவில், பாடசாலை கற்பிக்காத தாய்மொழியின் இலக்கியத்தையும் மேற்பார்வையோடு சுயமாகப் படிக்க வழி உண்டு. கட்டணம் பெரும்பாலான ஹெந்தளை வீடுகளுக்கு எட்டாதது என்பதால் நீட்டாமல் விடுகிறேன். வெளிநாட்டில் இருந்து திரும்பி வருபவர்களின் பிள்ளைகளுக்குத் தரம் 1 அனுமதியில் 1 வீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகளையும் தொழில் ஒப்பந்தத்தையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

கடைசியாகத் திகதிகள்: சேர்க்கும் வருடத்தின் ஜனவரி 31 அன்று பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். அரச பாடசாலை விண்ணப்பம் அதற்கு முந்திய வருடத்தின் நடுப்பகுதியில் கோரப்படும். சர்வதேச பாடசாலைகள் அதற்கும் முன்பே "இடம் முடியப்போகிறது" என்று அவசரப்படுத்தும். அங்கே பணம் கட்டியிருந்தாலும் அரச விண்ணப்பத்தையும் தனியார் கத்தோலிக்கப் பாடசாலை விண்ணப்பத்தையும் போடத் தவறாதீர்கள். கட்டுவதற்கு முன், நுழைவுக் கட்டணத்தில் எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது, எந்தத் திகதிக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதைக் காரியாலயத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.