நம் வீட்டுக்கேற்ற தரைவிரிப்பு

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கூட்டம் நெரியத் தொடங்கிவிடும். புத்தாடை, பலகாரம், திரைச்சீலை என நீளும் பட்டியலில் பல குடும்பங்கள் புதிய தரைவிரிப்பு ஒன்றையும் சேர்த்துக்கொள்கின்றன. நிறமும் விலையும் பிடித்துவிட்டால் வாங்கிவிடுகிறோம். அது நம் நாட்டின் தட்பவெப்பத்திற்கு ஏற்றதா என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

தடித்த கம்பளங்களுக்குப் பெயர்பெற்ற நாடுகள் ஈரானும் துருக்கியும். அங்கே குளிர்காலம் கடுமையானது. வெறுந்தரையின் குளிர் உடலைத் தாக்காமல் காப்பது கம்பளத்தின் முக்கியப் பயன். நமக்கோ குளிர்ந்த தரைதான் சுகம்!

கோலாலம்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் ஈரமே தெரியாது. அடர்ந்த இழைகளுக்கிடையே நம் தோலிலிருந்து உதிரும் நுண்துகள்களும் தங்கும். அவற்றைத் தின்று, காற்றின் ஈரத்தால் உயிர்வாழ்பவை தூசி உண்ணிகள். அவை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சிறியவை, வெறுங்கண்ணுக்குப் புலப்படா. அவற்றின் கழிவு ஆஸ்துமாவையும் ஒவ்வாமையையும் தூண்டவல்லது. வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு, தரையில் அமர்ந்தும் படுத்தும் பழகியவர்கள் நாம். தவழும் குழந்தையின் முகமோ விரிப்புக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே, வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் இருந்தால் தடித்த கம்பளத்தைத் தவிர்ப்பதே நல்லது.

வெள்ளத்தையும் மறந்துவிடக்கூடாது. 2021 டிசம்பரில் பெய்த கனமழையில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது. வெள்ளம் வடிந்தபின், பாழான வீட்டுப் பொருள்கள் சாலையோரங்களில் குவிந்தன. நனைந்த கம்பளத்தை ஓரிரு நாளுக்குள் முழுமையாக உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். தாழ்வான பகுதியில் தரைவீட்டில் வாழ்வோர் விலையுயர்ந்த கம்பளத்தை வாங்குமுன் இருமுறை யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எதை வாங்கலாம்? தட்டையாக நெய்யப்பட்டவை நமக்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்துப் பவானியில் நெய்யப்படும் ஜமக்காளம், தடித்த பருத்தி நூலில் பட்டை பட்டையான வண்ணங்களோடு அமைவது. மடித்து வைக்கலாம்; உதறலாம்; துவைத்து வெயிலில் போடலாம். விருந்தினர் வரும்போது விரித்து, போனபின் எடுத்து வைப்பது நம்மவர் வழக்கம். வெப்ப நாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான வழக்கம் வேறென்ன இருக்க முடியும்? திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைக் கோரைப்பாயும் நம் நாட்டு மெங்குவாங் பாயும் தூசியைச் சேர்த்து வைப்பதில்லை. ஆனால், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அவையும் பூத்துப்போகும். மென்மை வேண்டுமென்போர், நீரை உறிஞ்சாத பாலிப்ரோபிலீன் இழையில் குட்டையாக நெய்த விரிப்பை வாங்கலாம்.

கடைக்குப் புறப்படுமுன் பழைய நாளிதழ்களைத் தரையில் பரப்பி, விரிப்பு எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று பாருங்கள். நாற்காலிகளின் முன்கால்களாவது அதன்மேல் நின்றால் அறை ஒழுங்காகத் தோன்றும். கதவு உரசாமல் திறக்க வேண்டும். பளிங்குபோன்ற ஓட்டுத் தரையில் மெல்லிய விரிப்பு வழுக்கும். பாட்டி தாத்தா நடமாடும் வீட்டில் அடியில் ரப்பர் வலை போடுவது கட்டாயம்.

கடையில் விரிப்பைப் புரட்டி அடிப்பக்கத்தையும் பாருங்கள். பசையால் ஒட்டிய துணி தெரிந்தால், அடிக்கடி நனைப்பதற்கு அது ஏற்றதன்று. பிறகு விற்பவரிடம், “இதை வீட்டில் துவைக்கலாமா?” என்று கேளுங்கள். அடுக்குமாடி வீட்டில் வாழ்பவராயின், ஆறடிக்கு ஒன்பதடி விரிப்பை நனைத்தபின் எங்கே உலர்த்துவது என்பதையும் பணம் கொடுக்குமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.