மராத்தி ஏணியில் ஏறித் தமிழ் எழுத்து
(வீட்டுப் பாடம் - பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்)



என் தந்தையார் காலமான பின், நெல்லைச் சீமையில் இருந்த சிறு நிலத்தைப் பாகம் பிரிக்க ஊருக்குப் போயிருந்தோம். பத்திரத்தில் பேரனும் கையெழுத்திட வேண்டியிருந்தது. பத்திரம் எழுதியவர் தாளை என் மகனிடம் நீட்டி, "தம்பி, ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார். பட்டம் பெற்று வேலைக்குப் போகும் பையன் தாளைப் புரட்டினான். பிறகு என் பக்கம் சாய்ந்து, "அப்பா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டான். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள்.

நான் உரக்கப் படித்தேன். வடபுறம் வாய்க்கால், கீழ்புறம் பெரியப்பா வகையறா நிலம் என்று வாசிக்க வாசிக்க அவன் தலையசைத்தான். ஒரு சொல்லுக்குக்கூட விளக்கம் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவனுக்குத் தமிழ் தெரியும். தமிழ் எழுத்துத்தான் தெரியாது. காதில் விழுந்தால் புரிகிறது, கண்ணில் பட்டால் புரியவில்லை. தான் படிக்க முடியாத தாளில் கையெழுத்திடும் நிலைக்கு அவனைக் கொண்டு வந்தவன் நான்தான்.

தாராவியில் பிறந்து, மாட்டுங்காவில் படித்து, செம்பூரில் குடியேறிய என்னைப் போன்றவர்கள் வீடுகளில் இது பொதுக் கதை. தாராவியின் முதல் தமிழ்ப் பள்ளி 1924-இல் எழுந்தது. மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது. மும்பை மாநகராட்சி தன் பள்ளிகளில் எட்டு மொழிகளில் பாடம் நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்புகிறோம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நானும் அப்படியே செய்தேன். பள்ளி தராத எழுத்தை வீடு தர வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

"ஏற்கெனவே ஆங்கிலம், மராத்தி, இந்தி. இதற்கு மேல் தமிழும் என்றால் பிள்ளை தாங்குமா?" என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் மராத்தி படித்த பிள்ளை தமிழ் எழுத்தின் பாதி வழியை முன்பே கடந்துவிட்டது. அது எப்படி என்று பார்ப்போம்.

1. எழுத்து வரிசை ஒன்றே

மராத்தியில் க வரிசை, ச வரிசை, ட வரிசை, த வரிசை, ப வரிசை என ஐந்து வரிசைகள், வரிசைக்கு ஐந்து எழுத்து, ஆக 25. தமிழிலும் அதே ஐந்து வரிசைதான். ஆனால் ஒவ்வொன்றிலும் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் வைத்துக்கொண்டோம். க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம: ஆக 10. அடுத்து மராத்தியில் வருவது போலவே ய, ர, ல, வ என்ற 4. கடைசியில் ழ, ள, ற, ன என்ற 4. மொத்தம் 18.

தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, இவற்றோடு சில துணைக்குறிகள். உகர, ஊகார வரிசைகள் மட்டும் கு, சு, டு, து என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். அவற்றைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டும். துணைக்குறி எழுத்தின் இடப்புறம் வருவதும் (கெ, கே, கை) பிள்ளைக்குப் புதிதல்ல; மராத்தியில் குறில் இகரக் குறி இடப்புறமே வருகிறது. மராத்திக் கூட்டெழுத்துகளோடு போராடிய பிள்ளைக்குத் தமிழில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. இங்கே கூட்டெழுத்து அநேகமாக இல்லை. ஒரு புள்ளி வைத்தால் போதும்.

2. ஒரே 'க', பல ஒலி

பிள்ளை கேட்கும் முதல் கேள்வி இது: "காந்தா என்பதில் ஒரு க, கணபதி என்பதில் வேறு க. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்தா?" ஆம், ஒரே எழுத்துத்தான். எந்த ஒலி என்பதை எழுத்து நிற்கும் இடம் சொல்லிவிடும். மூன்று விதிகள் போதும்.

சொல்லின் முதலில் வந்தாலும், இரட்டித்து வந்தாலும் வன்மையான ஒலி: கடல், பக்கம், தட்டு, பத்து.

மெல்லெழுத்துக்குப் பின்னால் வந்தால் கணபதியின் முதல் ஒலி போல மென்மை: தங்கம், மஞ்சள், வண்டி, பந்து, பாம்பு.

இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வந்தால் இன்னும் மெலியும்: மகன், நாடு, விதை.

ச மட்டும் சற்றுத் தனி. இரட்டித்தால் வன்மை (பச்சை). நடுவில் மெலிவு (பசி). சொல்லின் முதலிலும் நம்மில் பலர் மெலிந்தே ஒலிக்கிறோம் (சோறு). கணபதி, பம்பாய் போன்ற பிறமொழிப் பெயர்கள் இவ்விதிகளுக்கு அடங்கா. ஜ, ஷ, ஸ, ஹ என்ற கிரந்த எழுத்துகளையும் காட்டிவிடுங்கள். மும்பைப் பிள்ளைகள் பெயரிலேயே அவை இருக்கின்றன. தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்த விதிகளை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 'தங்கம்' என்பதை அது முன்பே சரியாகத்தான் சொல்கிறது.

3. 'ள' - மராத்தி தந்த கொடை

பொதுவழக்கு இந்தியில் 'ள' இல்லை, மராத்தியில் உண்டு. செம்பூரிலிருந்து துறைமுக வழி ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் 'டிளக் நகர்'. குர்லா தாண்டிப் போனால் 'வடாளா'. பெயர்ப் பலகையின் மராத்தி வரியில் 'ள'வும் இந்தி வரியில் 'ல'வும் இருப்பதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். நாம் பரேல் என்பது மராத்தியில் பரள். வொர்லி என்பது வரளி. நம் தாத்தாமார் வந்து இறங்கிய 'சால்' மராத்தியில் சாள். தாராவியின் பழங்குடிகளான மீனவர்களின் கோளிவாடாவிலும் இதே ள. தண்ணீர்க் குழாய்க்கு மராத்தியில் நள். இத்தனை சொற்களில் ள-வைச் சொல்லிப் பழகிய நாக்குக்குப் பள்ளி, வெள்ளம், தோள் எல்லாம் கஷ்டமே இல்லை.

4. 'ழ' - நாமே கற்றுத்தர வேண்டியது

இதற்கு மராத்தியிலும் இந்தியிலும் துணை இல்லை. பக்கத்து வீட்டு மலையாளிக்கு மட்டும் உண்டு. நாக்கின் நுனியைப் பின்னால் வளைத்து, மேலண்ணத்தைத் தொடாமல் ஒலிக்க வேண்டும். தொட்டால் ள ஆகிவிடும். மழை, பழம், வாழை, தமிழ் என்று சொல்லிப் பழக்கலாம்.

இங்கே பெற்றோரும் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். தென்மாவட்டத்துக்காரர்களில் பலர் பேச்சில் 'வாளப்பளம்' என்றே சொல்கிறோம். பேச்சு எப்படி இருந்தாலும் எழுத்தில் தவறக்கூடாது. விழி என்றால் கண். விளி என்றால் கூப்பிடு. மழை வானிலிருந்து வருவது. மலை மண்ணில் நிற்பது.

5. மராத்திப் பிள்ளை தடுமாறும் இடம்

மராத்தியில் எ, ஒ என்ற குறில்களுக்குத் தனி எழுத்து இல்லை. ஆகவே நம் பிள்ளை குறிலையும் நெடிலையும் ஒன்றாகவே எழுதும். இந்த ஜோடிகளை நாள்தோறும் வாசிக்கச் செய்யுங்கள்: எடு-ஏடு, கொடி-கோடி, தொடு-தோடு, பெட்டி-பேட்டி, மெல்-மேல்.

அடுத்த குழப்பம் ந, ன. சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னும் ந. மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. நான், பந்து, மான். ற, ர குழப்பத்துக்கும் ஒரு பிடி உண்டு: தமிழ்ச் சொல் எதுவும் ற-வில் தொடங்காது.

6. பழைய தாள்களைப் படிக்க

அந்தப் பத்திரத்தோடு தாத்தா காலத்து மூலப்பத்திரமும் இருந்தது. அதைப் படிக்கையில் நானே இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். காரணம் பிறகு புரிந்தது. பெரியார் தம் ஏடுகளில் பல்லாண்டுகள் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள் இன்றைய வடிவம் பெற்றன. அதற்கு முன் னா, ணா, றா போன்றவை சுழித்த ஒற்றை வடிவமாகவும், லை, னை போன்றவை யானைத் துதிக்கை போன்ற கொக்கியுடனும் எழுதப்பட்டன. வீட்டில் தாத்தா பாட்டி கடிதமோ பழைய பஞ்சாங்கமோ இருந்தால் எடுத்து இந்த 13 எழுத்துகளையும் பிள்ளையோடு சேர்ந்து தேடிப் பாருங்கள். நல்ல விளையாட்டு, நல்ல பாடமும்கூட.

7. நாளுக்குப் பத்து நிமிடம்

ஊரிலிருந்து திரும்பியதும் மகனே கேட்டான், "அப்பா, எனக்குச் சொல்லித் தர்றீங்களா?" இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். முதல் வாரம் அவன் பெயர், வீட்டார் பெயர்கள், பிறகு உயிரெழுத்துகள். இரண்டாம் வாரம் மெய்யெழுத்துகளை மராத்தி வரிசையோடு ஒப்பிட்டோம். மூன்றாம் வாரம் துணைக்குறிகள். நான்காம் வாரம் கு, கூ வரிசைகள். ஐந்தாம் வாரத்திலிருந்து வாசிப்பு: மாட்டுங்காவில் வாங்கிய அப்பளப் பொட்டலம், கோவில் அழைப்பிதழ், நாள்காட்டித் தாள், ஊரிலிருந்து கைப்பேசியில் வரும் செய்தி. மூன்று மாதத்தில் செய்தித்தாள் தலைப்புகளைத் தட்டித் தடவிப் படித்தான். இன்னும் வேகம் வரவில்லை; வரும்.

ஒன்று சொல்ல வேண்டும். 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராக இந்நகரில் கிளர்ச்சி எழுந்தபோது, வெளியிடங்களில் தமிழ் பேசவே தயங்கியவர்கள் நம் பெற்றோரில் உண்டு. அதனால் மராத்தியையும் தமிழையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மகாராஷ்டிரப் பள்ளிகள் அனைத்திலும் மராத்தி கட்டாயப் பாடம். பிள்ளைகள் அதை நன்றாகவே படிக்கட்டும். இந்த மண்ணில் வாழ்பவர்க்கு அது கடமை. அந்த மராத்தியே தமிழ் எழுத்துக்கு ஏணியாகும்போது நமக்கு என்ன மனத்தாங்கல்?

சென்ற மாதம் ஊரில் இருக்கும் ஆச்சிக்கு மகன் ஒரு கடிதம் எழுதினான். ஆறே வரி, அதில் நான்கு பிழை. 'கோடி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கொடி'. நான் திருத்தவில்லை. அடுத்த வாரம் ஆச்சி தொலைபேசியில் அவனிடம், "ஏலே, நீ எழுதுன லெட்டரை நானே படிச்சேன்லே. யாரும் படிச்சுச் சொல்லல" என்றார்கள்.

வீட்டுப் பயிற்சி

1. உங்கள் பெயரையும் உங்கள் சொந்த ஊர் முகவரியையும் தமிழில் எழுதுக.
2. நீங்கள் தினமும் கடக்கும் ஐந்து ரயில் நிலையங்களின் பெயரைத் தமிழில் எழுதுக. எவற்றில் 'ள' வருகிறது?
3. 'தங்கக் கட்டி' - இதில் மூன்று முறை வரும் ககர எழுத்துகளை அடையாளம் காண்க (புள்ளி வைத்த க் என்பதை விட்டுவிடாதீர்கள்). எது மென்மையாக ஒலிக்கிறது?
4. கொடி, கோடி, எடு, ஏடு - ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதுக.
5. ஊரில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு ஆறு வரியில் கடிதம் எழுதித் தபாலில் சேர்க்கவும். பெற்றோர் பிழை திருத்த வேண்டாம்.