மாணவர் செலவில் மலேசியா: நண்பர் குழுவுக்குச் சில குறிப்புகள்

● நுழைவு: இந்தியர்கள் 30 நாள்வரை விசா இன்றித் தங்கும் சலுகை 2023 டிசம்பர் 1இல் தொடங்கியது. அது நடப்பில் உள்ளதா என்று பார்த்த பிறகே டிக்கெட் எடுப்பது நல்லது. பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். டிஜிட்டல் வருகை அட்டையை, தரையிறங்குவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் அரசு இணையதளத்தில் இலவசமாக நிரப்பலாம்.

● தங்குமிடம்: வெளிநாட்டவருக்கான சுற்றுலா வரி ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். அது அறைக்குத்தான், தலைக்கு அல்ல. நால்வர் ஓர் அறையில் தங்கினால் வாடகையோடு வரியும் தலைக்குக் கால்வாசியாகக் குறையும்.

● போக்குவரத்து: கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் செல்ல விரைவு ரயிலைவிடப் பேருந்து மலிவு. பத்துமலைக்கு கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து கொம்யூட்டர் ரயில் உண்டு. 272 படி ஏறிக் குகைக்கோயிலைக் காணக் கட்டணமில்லை. முழங்காலை மூடும் உடை அவசியம்.

● சாப்பாடு: மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் கடைகளில் ரொட்டி சானாய் என்ற பரோட்டாவும் தே தாரிக் என்ற பால் தேநீரும் குறைந்த விலையில் பசியாற்றும்.

● பொதுப் பணம்: எல்லோரும் சமமாகப் போட்ட தொகையிலிருந்து உணவு, வண்டிச் செலவைச் செய்து, ஒருவர் அன்றன்றைக்கே கணக்கு எழுதினால் மனக்கசப்பு வராது.