எந்த அரங்கில் உட்காருவது?

கேள்வி: கண் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்து, ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் சிறிய கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அகில இந்திய கண் மருத்துவச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு முதல்முறையாகப் போகப்போகிறேன். நிகழ்ச்சி நிரலைப் பிரித்தாலே தலை சுற்றுகிறது. ஒரே நேரத்தில் அத்தனை அரங்குகள்! கண்புரை ஆபரேஷன் தைரியமாகச் செய்வேன், கிளாக்கோமாவில்தான் தடுமாற்றம். எங்களிடம் பெரிமீட்டர் உண்டு, யாக் லேசர் உண்டு, ஓ.சி.டி. கிடையாது. டிராபெகுலெக்டமி தனியாகச் செய்ததில்லை. கிளாக்கோமா அமர்வுகளில் எதற்கெல்லாம் போக வேண்டும், எதை விட்டுவிடலாம்? டிராப் செய்முறைப் பயிற்சியில் பெயர் கொடுக்கலாமா?

— ஒரு பெண் மருத்துவர், தென் மாவட்டம்

பதில்: நிகழ்ச்சி நிரலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் டாக்டர். கடந்த சில மாதங்களில் கிளாக்கோமா என்று சந்தேகப்பட்டு, அடுத்து என்ன செய்வதென்று புரியாமல் மதுரைக்கோ சென்னைக்கோ எழுதி அனுப்பினீர்களே, அவர்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் எந்த இடத்தில் உங்களுக்குக் கை நின்றது? கோணம் தெரியவில்லையா, ஃபீல்டு புரியவில்லையா, லேசர் போடலாமா என்ற குழப்பமா? அதை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் இருப்பதற்குப் பதில் சொல்லும் அரங்குகளுக்குப் போனால் போதும். 2018-இல் கோவையில் நடந்ததுபோல் மாநாடு வருடா வருடம் நம் பக்கத்தில் நடக்காது. லீவு போட்டு, பணம் கட்டி, ரயிலேறிப் போகிறீர்கள். கூட்டம் எங்கே அதிகமோ அங்கே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

நான் முதலிடம் கொடுப்பது கோனியோஸ்கோபி வகுப்புக்கு. ‘இன்ஸ்ட்ரக்‌ஷன் கோர்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் சின்ன அரங்காக இருக்கும், நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். ‘இதெல்லாம் படிக்கும்போதே பார்த்ததுதானே’ என்று மற்றவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நிஜத்தில், என்னிடம் இரண்டாவது கருத்துக்காக வருபவர்களின் பழைய சீட்டுகளைப் புரட்டினால், வருடக்கணக்கில் டைமோலால் ஓடியிருக்கும். கோணம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ஒரு வரி இருக்காது. வேலூரில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில் மூடிய கோண கிளாக்கோமா 4.32 சதவீதம், திறந்த கோணம் வெறும் 0.41. பிறகு வந்த சென்னை கிளாக்கோமா ஆய்வின் கிராமப்புறக் கணக்கில் இது தலைகீழாகி, திறந்த கோணம் 1.62, மூடிய கோணம் 0.87 என்றானது. வயதும் வரையறையும் வேறு வேறு என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போட முடியாது. ஆனால் எந்தக் கணக்கை எடுத்தாலும் மூடிய கோணம் நம் ஓ.பி.யில் தினசரி சமாச்சாரம். கோனியோ பார்க்காமல் கிளாக்கோமா பார்க்கிறேன் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அந்த வகுப்பில் ஸ்லைடில் ஓடும் வகைப்பாட்டு அட்டவணையைப் படம் பிடிக்காதீர்கள், அது புத்தகத்திலேயே இருக்கிறது. செய்து காட்டுபவரின் கையைப் பாருங்கள். முழங்கை எதன்மேல் ஊன்றியிருக்கிறது, அறை எவ்வளவு இருட்டு, ஒளிக்கீற்று எவ்வளவு குட்டை என்று கவனியுங்கள். கீற்று கண்மணிக்குள் விழுந்தால் கண்மணி சுருங்கி, மூடியிருந்த கோணம் திறந்ததுபோல் ஏமாற்றும். நான்கு கண்ணாடி லென்ஸை அழுத்திப் பார்க்கும்போது ஐரிஸ் பின்னுக்குப் போய் மெஷ்வொர்க் தெரிந்தால் அது வெறும் தொடுதல். போகாமல் ஒட்டிக்கொண்டே நின்றால் நிரந்தர ஒட்டு. தெரியாத்தனமாக முதலிலேயே அழுத்திவிட்டால் இந்த வித்தியாசமே போய்விடும்.

இன்னொன்றையும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம்மவர்களின் கண்ணில் ஷ்வால்பே கோட்டிலேயே நிறமி படிந்திருப்பது உண்டு. அதையே மெஷ்வொர்க் என்று எடுத்துக்கொண்டு ‘கோணம் திறந்திருக்கிறது’ என்று எழுதிவிடுவார்கள். மெல்லிய கீற்றைச் சாய்வாக விட்டால் கருவிழியின் வெளிப்பரப்பிலிருந்து ஒரு கோடும் உள்பரப்பிலிருந்து ஒரு கோடும் வந்து ஓரிடத்தில் கூடும். அந்தக் கூடுமிடம்தான் ஷ்வால்பே கோடு. மெஷ்வொர்க் அதற்கு அப்பால், ஐரிஸ் பக்கம். இதைப் பெரிய திரையில் ஒருவர் நிதானமாகச் செய்து காட்டும்போது பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும், படித்துப் பிடிபடாது.

உங்கள் யாக் லேசருக்கு வருவோம். ‘சந்தேகக் கோணத்துக்கு பி.ஐ. போடலாமா, வேண்டாமா’ என்று விவாதம் வைத்திருந்தால் தவறவிடாதீர்கள். 2019-இல் லான்செட்டில் வந்த ‘ஸாப்’ ஆய்வு இந்தக் கேள்வியைப் புரட்டிப் போட்டது. சீனாவின் குவாங்சோவில் 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் போட்டு, மறு கண்ணை அப்படியே விட்டு ஆறு வருடம் பார்த்தார்கள். லேசர் போட்ட கண்களில் 19, போடாதவற்றில் 36 அடுத்த கட்டத்துக்குப் போயின. பாதியாகக் குறைகிறது, சரி. ஆனால் சும்மா விட்டவற்றிலேயே 36தானே! எனவே கோணம் குறுகல் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் லேசர் தேவையில்லை என்று ஒரு கட்சி. என் கட்சி கொஞ்சம் நடுவில். குவாங்சோவில் ஆய்வாளர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். உங்கள் நோயாளி அறுவடை வந்தால் வரமாட்டார், பேத்திக்குச் சடங்கு என்றால் வரமாட்டார். சர்க்கரை நோய்க்காக அடிக்கடி கண்மணியை விரிக்க வேண்டியவர், ஒரு கண்ணில் ஏற்கெனவே திடீர் தாக்குதல் வந்தவர், மருத்துவமனை எட்டாத ஊர்க்காரர் என்றால் நான் லேசர் போட்டுவிடுவேன். மேடையில் இருப்பவர்கள் இதில் மோதிக்கொள்வார்கள். அந்த மோதலில்தான் நீங்கள் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

அதே அமர்வில் ‘ஈகிள்’ ஆய்வைப் பற்றிப் பேச்சு வரும். வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது உங்கள் கைவசம் உள்ள வித்தை. 2016-இல் வெளியான அந்த ஆய்வில் 50 வயதைத் தாண்டிய 419 பேர். மூடிய கோண கிளாக்கோமா உள்ளவர்கள், அல்லது நரம்பு கெடாவிட்டாலும் கோணம் மூடி அழுத்தம் 30 மி.மீ. அல்லது அதற்கு மேல் போனவர்கள். புரை விழாத லென்ஸை எடுத்துவிடுவது, லேசரும் சொட்டு மருந்துமாகப் போவதைவிட நல்ல பலன் தந்தது. ஆனால் இந்தக் கண்களில் முன்னறை ஆழமில்லை, கண்மணி விரியாது, ஜோன்யூல் தளர்ந்திருக்கலாம். வழக்கமான கண்புரை என்று நினைத்து இறங்கினால் கஷ்டம். ஆகவே முடிவைச் சொல்பவரைவிட, ஆபரேஷன் மேசையில் என்ன சிக்கல் வந்தது என்று காட்டுபவரைத் தேடிப் போங்கள்.

ஓ.சி.டி. இல்லையே என்ற ஏக்கம் வேண்டாம். ஓ.சி.டி. அமர்வுகள் நிறைய இருக்கும், படங்களும் பளபளப்பாக இருக்கும். இந்த முறை விட்டுவிடலாம். கிட்டப்பார்வை அதிகமுள்ள கண்ணில் நோயே இல்லாமல் சிவப்பு காட்டி எத்தனையோ பேரைச் சொட்டு மருந்துக்காரர்களாக்கிய கருவி அது. ஃபீல்டு படிக்கும் வகுப்புக்குப் போங்கள். போகும்போது உங்கள் நோயாளிகள் நான்கைந்து பேரின் ஃபீல்டு தாள்களைப் பெயரை மறைத்து எடுத்துச் செல்லுங்கள். அமர்வு முடிந்து வெளியே வரும் பேச்சாளரிடம் காட்டினால் பெரும்பாலானவர்கள் நின்று பார்ப்பார்கள். நரம்பில் தெரியும் சேதத்துக்கும் ஃபீல்டில் தெரியும் சேதத்துக்கும் பொருத்தம் இல்லாத தாள் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதில்தான் கட்டி, பக்கவாதம் போன்ற வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கும்.

லேசரில் அடுத்தது எஸ்.எல்.டி. பிரிட்டனில் 718 பேரை வைத்து நடந்த ‘லைட்’ ஆய்வு 2019-இல் வந்ததிலிருந்து, திறந்த கோணத்துக்கு முதல் சிகிச்சையே லேசர் என்ற பேச்சு வலுத்துவிட்டது. லேசரில் தொடங்கியவர்களில் சுமார் 74 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்தே இல்லாமல் அழுத்தம் கட்டுக்குள் இருந்தார்கள். மாதா மாதம் மருந்து வாங்கக் காசில்லாமல் பாதியில் நிறுத்தும் நம் நோயாளிகளுக்கு இது பெரிய விஷயம். ஆனால் பி.ஐ. போடும் யாக் 1064 நானோமீட்டர், எஸ்.எல்.டி.க்கு வேண்டியது 532. உங்கள் கருவியில் ஆகாது. யாரை அனுப்பலாம், யாருக்குப் பிரயோசனப்படாது என்று தெரிந்துகொள்ள ஒரு அமர்வு போதும். கோணம் திறந்திருந்தால்தான் இந்தப் பேச்சே, மறுபடியும் கோனியோ.

கூட்டம் பிதுங்கும் அரங்கு எது என்று சொல்லவா? சின்னஞ்சிறு ஸ்டென்ட் வைக்கும் அறுவை சிகிச்சைகள். வாசலில் நின்றுகூடப் பார்ப்பார்கள். நீங்கள் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் ‘சைபாஸ்’ கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கருவி. இரண்டு வருட முடிவுகள் அழகாக இருந்தன. ஐந்தாவது வருடக் கணக்கு வந்தபோது கருவிழியின் உள்ளடுக்குச் செல்கள் கூடுதலாக அழிந்திருப்பது தெரிந்தது. 2018 ஆகஸ்டில் தயாரித்த நிறுவனமே உலகம் முழுக்க விற்பனையை நிறுத்தித் திரும்பப் பெற்றது. பொருத்திக்கொண்டவர்களின் கண்ணில் அது இருந்துகொண்டேதான் இருந்தது. ஆகவே எந்தப் புதுக் கருவியைப் பற்றிப் பேசினாலும் முதல் ஸ்லைடில் வரும் நிதித் தொடர்பு அறிவிப்பைப் படியுங்கள் (கண் சிமிட்டும் நேரத்தில் அதைத் தள்ளிவிடும் பேச்சாளர்களை எனக்குத் தெரியும்), எத்தனை வருடம் பின்தொடர்ந்தார்கள் என்று கேளுங்கள்.

ஊசியின் நுனியை வளைத்து மெஷ்வொர்க்கை வெட்டித் திறக்கும் ‘பேங்’ போன்ற செலவில்லாத முறைகளைக் காட்டினால் பாருங்கள், அதற்குக் காசு கொடுத்து விளம்பரம் செய்ய ஆளில்லை. செயற்கை நுண்ணறிவு அமர்வுகளை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கோனியோ வகுப்பு போக இன்னும் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், ஆபரேஷன் கெட்டுப்போன வீடியோக்களைக் காட்டும் அமர்வுக்குப் போங்கள். பெரிய பெயருள்ளவர்கள் தங்கள் கையில் நடந்ததைத் தாங்களே போட்டுக் காட்டுவார்கள். டிராப் செய்த கண்ணின் பிளெப்பில் கசிவு, பல வருடம் கழித்து அதில் தொற்று, அழுத்தம் அடிமட்டத்துக்கு இறங்கி விழித்திரை மடிந்துபோவது என்று வரிசையாக வரும். ஆபரேஷன் செய்தவர் பெருநகரத்தில் இருப்பார். சிவந்த கண்ணோடு ஞாயிற்றுக்கிழமை இரவு நோயாளி வந்து நிற்பது உங்கள் வாசலில்.

டியூப் வைத்தவர்களும் வருவார்கள். மதுரை ஆரோலேப் 2013-லிருந்து தரும் ‘ஆடி’ கருவி வந்த பிறகு, நம் ஊரில் டியூப் வைத்துக்கொண்ட ஏழை நோயாளிகள் பெருகிவிட்டார்கள். அதில் வால்வு கிடையாது. டியூபைத் தையலால் கட்டிவிடுவார்கள். சுமார் ஐந்து, ஆறு வாரத்தில் தையல் கரையும்போது அழுத்தம் திடுமென இறங்கும். அந்த நேரத்தில் வரும் கண்ணைப் பார்த்து நீங்கள் பதறக் கூடாது, பழைய சொட்டு மருந்துகளை அப்படியே தொடரவும் கூடாது. இதைப் பற்றிய வகுப்பில் டியூப் வைக்கும் பகுதியில் டீ குடிக்கப் போனாலும் பாதகமில்லை, பின்கவனிப்புப் பகுதிக்கு வந்துவிடுங்கள்.

கண்காட்சிக் கூடத்தில் ஒரு வேலை இருக்கிறது. நல்ல நான்கு கண்ணாடி லென்ஸ் ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனை வாங்கித் தருமா என்று காத்திருக்காதீர்கள். அது உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டிய பொருள்.

கடைசியாக டிராப் பயிற்சி. தனியாகச் செய்ததில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா, இன்று படித்து வெளியே வரும் பலரின் நிலை அதுதான். கட்டாயம் பெயர் கொடுங்கள். இடம் குறைவு, பெரும்பாலும் தனிக் கட்டணம், முன்கூட்டியே நிரம்பிவிடும். அநேகமாக ஆட்டுக் கண்ணில்தான் செய்யச் சொல்வார்கள். முழு ஆபரேஷனையும் ஓட்டி முடிக்க அவசரப்படாதீர்கள். ஸ்கிளீராவில் பாதிக் கனத்துக்கு மடிப்பெடுப்பதையும், அவிழ்க்கக்கூடிய தையல் போடுவதையும் மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்; கண் மிச்சம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஆட்டின் ஸ்கிளீரா மனிதனுடையதுபோல் இருக்காது என்பதால் அங்கே சரியாக வந்த ஆழம் இங்கே ஓட்டையாகலாம். ஊர் திரும்பியதும் முதல் சில கண்களை உங்களுக்குப் பயிற்சி கொடுத்த மருத்துவமனையில், மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். முதல் நோயாளியாக உங்கள் ஊர்க்காரர் ஒருவரையே அழைத்துப் போனால், தையல் அவிழ்ப்பதும் பிளெப்பைக் கவனிப்பதும் பிறகு உங்கள் கையிலேயே நடக்கும்.