காரின் பிரேக் குழாய்: குறைந்த செலவில் நாமே சீர்படுத்தலாம்

தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றிலும் இன்று ஒரு கார் இருக்கின்றது. பெரும்பாலும் அது பல ஆண்டுகள் பிறர் கையில் ஓடிய பின்னரே நம்மிடம் வந்து சேர்ந்ததாகும். வாங்கியவுடன் சாயம் பூசுகிறோம். இருக்கைகளுக்கு உறை போடுகிறோம். ஆனால், சக்கரங்களின் உட்புறத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் சிறு ரப்பர்க் குழாய்களை எத்தனை பேர் குனிந்து பார்க்கிறோம்? இயந்திரம் பழுதானால் கார் நின்றுவிடும். பிரேக் பழுதானாலோ கார் நிற்காது. வேறுபாடு அவ்வளவுதான். குடும்பத்தாரின் உயிரைத் தாங்கும் இக்குழாய்களைக் குறைந்த செலவில் சீர்படுத்தும் வழியை இங்கு அறிந்துகொள்வோம்.

குழாயின் பணி

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அவ்வழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் விளக்கிய இந்த விதியின்படியே காரின் பிரேக் இயங்குகின்றது. நாம் மிதிக்கும் விசை பிரேக் எண்ணெயின் வழியாகச் சக்கரங்களைச் சென்றடைகின்றது. வழியில் பெரும்பகுதி உலோகக் குழாயே. ஆனால், சக்கரம் மேலும் கீழும் அசையும். முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும். ஆகவே அவ்விடங்களில் வளையக்கூடிய ரப்பர்க் குழாய் தேவைப்படுகின்றது.

இக்குழாய் மூன்று பகுதிகளால் ஆனது. உள்ளே எண்ணெயைத் தாங்கும் ரப்பர். நடுவில் வலிமைக்காகப் பின்னப்பட்ட நூல்வலை. வெளியே வெயிலையும் மழையையும் தாங்கும் ரப்பர் உறை. இன்று இதற்குப் பெரிதும் பயன்படுவது இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பராகும். ஐக்கிய அமெரிக்காவின் தரவிதிப்படி, இத்தகைய குழாய் சதுர அங்குலத்திற்கு 4,000 ராத்தல் அழுத்தத்தை 2 நிமிடம் வெடிக்காமல் தாங்க வேண்டும். இவ்வளவு வலிய பொருளும் காலத்தினால் தளர்ந்துபோகும். ரப்பர் முதுமையடைந்தால் இறுகும், வெடிக்கும், உப்பும் என்பதை ரப்பரோடு வாழும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செலவில்லாத முதற்படி: சோதனை

காரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பகல் வெளிச்சத்தில் குழாய்களைப் பார்க்க வேண்டும். உலோக முனைகளுக்கு அருகில் குழாயைச் சற்று வளைத்தால் வெடிப்பு இருப்பின் தெரியும். டயரில் உரசிய தடம், ஈரக் கசிவு, நூல்வலை வெளியே தெரிதல் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் குழாயை மாற்றியே ஆக வேண்டும். அடுத்து, ஒருவர் இயந்திரத்தை இயக்கி பிரேக்கை அழுத்தி மிதிக்க, மற்றொருவர் குழாயைக் கவனிக்கட்டும். ஓரிடத்தில் குமிழ்போல் உப்பினால் உள்வலை அறுந்துள்ளது என்று பொருள். அந்தக் காரைச் சாலையில் ஓட்டலாகாது.

வெளியே நன்றாகத் தோன்றும் குழாயும் உள்ளே கெட்டிருக்கலாம். உட்சுவர் வீங்கினால், மிதிக்கும்போது செல்லும் எண்ணெய், காலை எடுத்த பின் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே இருக்கும்; ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சுடும்; கார் ஒரு பக்கமாக இழுக்கும். பிரேக் இயந்திரப் பகுதி இறுகினாலும் இவ்வாறு நேரும். ஆயினும், குழாயையும் சந்தேகிக்கத் தவறக் கூடாது.

சிறு செலவில் பெரும் பயன்

மிதி மெத்தென்று உள்ளே போனால், உடனே விலை உயர்ந்த குழாய் வாங்க ஓட வேண்டாம். முதலில் பிரேக் எண்ணெயைக் கவனிப்போம். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பின் 140 பாகை வரை இறங்கிவிடலாம். டாட் 4 வகைக்கு இவ்வளவுகள் 230, 155 ஆகும். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுச் சாலையில் இடைவிடாது பிரேக் பிடிக்கும்போது எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதிக்கும் விசை அந்த ஆவியை அமுக்குவதிலேயே வீணாகும். ஆகவே, கார்க் கையேடு குறிப்பிடும் வகை எண்ணெயை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுவதே மிக மலிவான மேம்பாடு.

அடுத்தது, பழைய ரப்பர்க் குழாய்களுக்குப் பதிலாகத் தரமுத்திரை உள்ள புதிய ரப்பர்க் குழாய்கள். அமெரிக்கத் தரவிதியைப் பின்பற்றிய குழாயில் செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். எச்.எல். என்ற எழுத்துகள் இருந்தால் அது குறைவாக விரியும் வகை, எச்.ஆர். என்றிருந்தால் வழக்கமான வகை. நம் காருக்கு எச்.எல். வகை கிடைக்குமானால், அதிகச் செலவின்றியே மிதி உறுதிப்படும்.

எஃகுக் கம்பி பின்னிய குழாய்களைச் சில இளைஞர்கள் பெரிதும் விரும்புகின்றனர். அவை குறைவாக விரிவதால் மிதி இறுக்கமாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால், ஈரச் சாலையில் காரை நிறுத்துவது இறுதியில் டயரின் பிடிப்பேயாகும். தேய்ந்த டயருக்கு எஃகுக் குழாய் ஈடாகாது. மேலும், செம்மண் துகள் பின்னலுக்குள் புகுந்தால் உட்குழாயை அரிக்கும். அக்கேடு வெளியே தெரியாது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், மேலுறை உள்ளதாகவும், முனைகள் தொழிற்சாலையிலேயே பொருத்திச் சோதிக்கப்பட்டதாகவும் பார்த்து வாங்க வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளையும் முன்னதாகக் கேட்டறிதல் நலம்.

மாற்றும் முறை

இருபக்கக் குழாய்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் நுழையக் கூடாது. உறுதியான தாங்கிகள் அவசியம். திருகாணி துருவேறி இறுகியிருந்தால் வலிந்து திருக வேண்டாம். உலோகக் குழாய் முறுகி உடைந்துவிடும். அந்நிலையில் வேலையைப் பட்டறையிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகவே போட வேண்டும். தரமான குழாயின் எதிரெதிர்ப் பக்கங்களில் நீளவாக்கில் இரு கோடுகள் இருக்கும். பூட்டிய பின் அக்கோடுகள் கயிறுபோல் சுற்றிச் சென்றால் குழாய் முறுக்கப்பட்டுள்ளது. கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, குழாய் எதிலும் உரசாமலும் இழுபடாமலும் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். சக்கரத்திலுள்ள காற்றுத் திருகில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது பிரேக் எண்ணெய் உள்ள புட்டியில் அமிழ்த்துக. ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் திருகைத் திறந்து, குமிழி வந்ததும் மூட வேண்டும். மூடிய பின்னரே காலை எடுக்கலாம். குமிழி நிற்கும் வரை இதைத் தொடர்க. இடையில் எண்ணெய்க் கலம் வற்றிவிடக் கூடாது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதைக் கையேட்டில் காண்க. ஏ.பி.எஸ். கருவி உள்ள கார்களைப் பட்டறையில் கொடுப்பதே பாதுகாப்பானது.

முடிந்ததும் இயந்திரத்தை இயக்கி, மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிதி மெல்லத் தாழ்ந்தாலோ, இணைப்பில் ஒரு துளி கசிந்தாலோ காரை நகர்த்தக் கூடாது. எல்லாம் சரியானால், ஆளில்லாச் சமதரையில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்த பின்னரே சாலைக்குச் செல்லலாம்.

செய்யத் தகாதவை

வேறு ரப்பர்க் குழாயை வெட்டி வளையக் கவ்வியால் இறுக்குதல், வெடித்த குழாயில் நாடா சுற்றுதல், பசை தடவுதல் ஆகியவை உயிரோடு விளையாடுவதாகும். இயந்திர எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ பிரேக்கில் ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் அனைத்தும் வீங்கிக் கெடும். பிரேக் எண்ணெய் நச்சுப் பொருள். அதைக் குளிர்பானப் புட்டியில் வைக்காமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். சாயத்தில் சிந்தினால் உடனே நீர்விட்டுக் கழுவ வேண்டும்.

ஆண்டுக்கு இரு முறை அரை மணி நேரம் செலவிட்டுக் குழாய்களைப் பார்ப்பதற்குப் பணம் தேவையில்லை. அண்டை வீட்டாரும் சேர்ந்து ஒரு விடுமுறை நாளில் ஒவ்வொருவர் காரையும் சோதிக்கலாம். பளபளப்பான குழாயைவிட, நாளறிந்து மாற்றிய எளிய குழாயே நம் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கும்.